மூன்று புள்ளிகள்

ஒரு கட்டுரை கையில் வந்தால் நான் முதலில் படிப்பது அதன் கடைசிப் பக்கத்தைத்தான். எழுதியவன் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தான், யார் சொன்னதை நம்பினான், அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறானா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் முன்பக்கத்துக்கு வருவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் படிக்கிறேன். தலைநகர் போர் லூயியில் என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று அரசாங்க அலுவலகங்களில் இருக்கிறார்கள். ஒரு குறிப்பு எழுதினால்கூட, இது எங்கிருந்து கிடைத்த தகவல் என்று கீழே எழுதும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அது நான் போட்ட விதை.

உட்காருங்கள், மிஸ்யே கோபாலன். கியூர்பிப்பில் எப்போதும் இந்தத் தூறல்தான். நதின் மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் முடித்துவிடலாம். என் மனைவிக்கு இந்த வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் முன்னால் பேச வேண்டிய தேவையும் இல்லை.

நீங்கள் லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த இளைஞர். அடுத்த மாதம் சுதந்திரம் வந்து கொடி மாறப்போகிறது. இந்த நேரத்தில் பழைய வழக்குகளைத் தூசி தட்டுவது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. சின்னன் என்ற மாட்டுவண்டிக்காரனின் வழக்கைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஒளிக்க வேண்டியது என்னிடம் ஒன்றுமில்லை. ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று இந்தத் தீவில் அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. அப்போது நான் வெறும் ஆசிரியன். மேல் வகுப்புக்கு ஆங்கிலக் கட்டுரை எடுத்தேன். வகுப்பில் பெண்கள் குறைவு. அவர்களில் அலமேலு என்ற பெண் கான் தெ மாஸ்க் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்தவள். எஸ்டேட் தன் ஆட்களுக்குப் போட்டுக் கொடுத்த ஓலை வீடுகளின் வரிசைகளை இங்கே கான் என்கிறோமே, அப்படி ஒரு கானில் பிறந்தவள். அப்பா இல்லை. தாய்மாமன் சின்னன்தான் கரும்பு வண்டி ஓட்டிப் படிக்க வைத்தார். வாரநாட்களில் சாந்த் குருவாவில் அத்தை வீட்டில் தங்கி, அங்கிருந்து நடந்தே வகுப்புக்கு வருவாள். அந்தப் பக்கமெல்லாம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

அவளைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவளைப் போல் வாதம் கட்டத் தெரிந்த மாணவி எனக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை. கொத்தனார் கல்லைத் தட்டிப் பார்த்து வைப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்தையும் வைப்பாள். ஒரே ஒரு குறை. மனிதர்களை ஆதாரமாகக் கொள்ளும்போது பெயர் எழுத மாட்டாள். ‘ஒருவர் சொன்னார்’, ‘பார்த்தவர்கள் சொல்கிறார்கள்’ என்று நழுவிவிடுவாள்.

அந்த ஆண்டு தீவின் கல்லூரிகளுக்கிடையே ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வெல்பவருக்கு இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி. சொந்த ஊரில் நடந்த ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் பற்றி, பொதுவான நம்பிக்கை தவறு என்று ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். அலமேலு எடுத்துக்கொண்டது அவர்கள் கானில் நடந்த தீவிபத்து.

கரும்பு வெட்டு தொடங்கிய சமயம் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் எல்லோரும் ஆற்றங்கரையில் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு வரிசை வீடுகள் பற்றிக்கொண்டன. பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண் உள்ளேயே இறந்துபோனாள். காமாட்சி என்ற களையெடுக்கும் பெண்ணின் மாமியார் அவள். அடுப்பு நெருப்பு பரவிவிட்டது என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். வேலைநிறுத்தமும் அதோடு முடிந்தது. அடுப்பு இல்லை, யாரோ வைத்த தீ என்பது அலமேலுவின் வாதம்.

முதல் வரைவு என் மேசைக்கு வந்தது. வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். காலியாக இருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

“யார் பார்த்தது? யார் சொன்னது?”

“சொன்னவங்க பயப்படறாங்க, மிஸ்யே. அவங்க இருக்கற வீடே எஸ்டேட்டோடது.”

“பெயர் இல்லாத சாட்சி வெறும் வதந்தி. வதந்திக்கு யார் பரிசு கொடுப்பார்கள்?”

நான் கடுமையாகப் பேசவில்லை. இதைப் படிக்கப்போவது நானும் நடுவர்களும் மட்டும்தான் என்று சொன்னேன். நடுவர்களில் ஒருவர் அந்த எஸ்டேட்டின் பத்திரங்களைப் பார்க்கும் நொத்தாரிஸ் என்பது எனக்குத் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பெயர்களோடு வந்தாள். ஒன்று காமாட்சி. மாமியாருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூட்டத்திலிருந்து திரும்பியவள், வீடுகளுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். அவள் எட்டுவதற்குள் கூரை பிடித்துவிட்டது. இன்னொன்று அலமேலுவின் மாமா சின்னன். அவர் சொன்னதைத் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி மேற்கோளாகவே எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “சிர்தார் சொல்லித்தான் நான் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து அந்த வரிசைக்குப் பின்னால் வைத்தேன், எதற்கென்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.” வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் நடந்தது அது. சிர்தார் என்றால் கங்காணி. வண்டிக்காரனுக்கு அவன் சொன்னால் சொன்னதுதான்.

மூல ஆதாரத்தை ஆசிரியரும் நேரில் சரிபார்க்க வேண்டும். இது என் விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

பழக்கமில்லை என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா, அது முழுக்கச் சரியில்லை. அந்தக் கானில்தான் நான் பிறந்தேன். சிறுவயதில் அங்கிருந்து போனவன் அதுவரை திரும்பிப் போகவில்லை. கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் என்னை வளர்த்துப் படிக்க வைத்தார். க்ளோட் என்று பெயர் வைத்தார். நதினின் வீட்டாருக்கு, என் பாட்டனார் புதுச்சேரியிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர் என்று தெரிந்திருந்தது. நான் சொல்லியிருந்தேன். அவளுடைய அப்பா எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருந்தார். பரிசளிப்பு விழாவன்று நிச்சயத்தை அறிவிப்பதாகப் பேச்சு.

அலமேலு என்னைப் பாதையில் வந்து அழைத்துப் போனாள். எரிந்த வரிசையில் கருப்புத் தரை மட்டும் இருந்தது. தீக்குப் பிறகு எஸ்டேட் மாற்றிக் கொடுத்த வீட்டில் காமாட்சி எனக்காக ஒரு நாற்காலியை யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்தாள். பருப்பு வைத்துச் சுட்ட ரொட்டியும், மிளகாய்ச் சட்னியும் கொடுத்தாள். நான் கேட்டதற்கெல்லாம் தயங்காமல் சொன்னாள். அந்த இரண்டு ஆட்களின் முதுகை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்றாள். “எங்க பொண்ணோட மிஸ்யே நீங்க. உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?” என்றாள். நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு சின்னன் வந்தார். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி, கிரியோலில் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார். கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். கிரியோல் போய்ப் பழைய தமிழ் வந்தது.

“ஏய், நீ நம்ம பிச்சை இல்ல? வள்ளியம்மா மவன் பிச்சை?”

நீங்கள் ஆளை மாற்றிப் பார்க்கிறீர்கள் என்று கிரியோலில் சொன்னேன்.

“மாத்திப் பாக்கறனா? காதுக்குப் பின்னாடி அந்தத் தழும்பு என் மாடு முட்டினது டா! உங்கம்மா செத்தன்னிக்கு உன்ன வண்டியில தூக்கி வெச்சு ஃபாதர் கிட்ட கொண்டு போய் வுட்டது யாரு? நான் தானே டா.” அவர் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கை போட்டார். கையில் மாட்டு வாடை. “அலமேலு, இங்க பாரு. உன் மிஸ்யே யாரோன்னு நெனச்சியா? நம்ம கான் புள்ள!”

எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று அம்மா எனக்கு அந்தப் பெயரை வைத்தாளாம். அது பழங்காலத்து வழக்கம். இதில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டதால் சொல்கிறேன்.

சின்னன் விடவில்லை. “பரிசு குடுக்கற அன்னிக்கு நானும் வர்றேன். புதுச் சட்டை போட்டுக்கிட்டு முன்னாடியே குந்துவேன். நீ கட்டிக்கப் போற பொண்ணோட அப்பா வருவாருன்னு அலமேலு சொல்லுது. அவர் கையப் புடிச்சுச் சொல்றேன், அய்யா, இந்தப் புள்ளய நான் என் வண்டியில தூக்கிட்டுப் போனேன்னு. வள்ளியம்மா இல்லாட்டி என்ன, பெரியவங்கன்னு நாங்க இருக்கோம் டா.”

நான் நன்றி சொன்னேன். பிறகு மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்டேன். அலமேலு எழுதியிருந்ததை ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னார். சிர்தார் சொன்னது, தகரத்தை வைத்தது, எதற்கென்று தெரியாதது. அவர் உண்மையைத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அன்றும் இன்றும்.

திங்கட்கிழமை கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன்.

மேற்கோளைச் சுருக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேவையில்லாத சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் வைக்கலாம். மீதிச் சொற்கள் பேசியவருடையவையாகவே இருக்க வேண்டும், ஒன்றையும் சேர்க்கக் கூடாது. நேர்மையான முறைதான். கட்டுரை அளவை மீறியிருந்தது. சிவப்புப் பென்சிலால் பல இடங்களைச் சுருக்கினேன். சின்னனின் வாக்கியத்தில் முன்பகுதியையும் பின்பகுதியையும் எடுத்தேன். இப்படி நின்றது: “... நான் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து அந்த வரிசைக்குப் பின்னால் வைத்தேன் ...”

அலமேலு அந்த வரியை விரலால் தொட்டபடி இரண்டு தடவை படித்தாள்.

“மாமா சொன்னது முழுசா இருக்கட்டும், மிஸ்யே. வேற எங்கயாச்சும் வெட்டறேன்.”

“சிர்தார் இங்கே வந்து பதில் சொல்ல முடியாது. நிரூபிக்காமல் அவன் மேல் பழி போட்டால் அவதூறு. கட்டுரையைத் தள்ளிவிடுவார்கள். இங்கிலாந்தும் போய்விடும்.”

“ஆனா இப்படிப் படிச்சா மாமாவே...”

“உன் வாதம் என்ன? தீ வைக்கப்பட்டது என்பது. யார் வைத்தது என்று நீ சொல்லவே வேண்டாம். மண்ணெண்ணெய் வந்தது என்பது போதும். படிப்பவர்கள் முட்டாள்களா?”

அவள் என்னை நம்பினாள். என்னை நம்பும்படிதான் அவளைப் பழக்கியிருந்தேன். சுத்தப் பிரதியை அவள் கையாலேயே எழுதினாள். எழுத்து மணிமணியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் பெயர், வேலை, எந்த வரிசையில் எந்த வீடு என்று எல்லாம் முறையாக இருந்தன. வரைவுகளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது போட்டி விதி என்று சொல்லி அவற்றை வாங்கிக்கொண்டேன். அப்படி ஒரு விதி இல்லை. வரைவுகளைச் சமையலறை அடுப்பில் போட்டேன்.

அடுத்ததாக, மறுதரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? ஒருபக்கச் சாட்சியை மட்டும் நம்புவது முறையல்ல என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு எஸ்டேட் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் உட்கார வைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மறுபடி முன்னால் திருப்பினார்.

“இந்தச் சின்னன்தானே வேலைநிறுத்தத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசியவன்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

கட்டுரையில் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன். தகவலில் ஏதாவது பிழை இருந்தால் திருத்தத்தான் வந்தேன் என்றேன்.

“பிழை எதுவும் இல்லை. உங்கள் மாணவி மிகக் கவனமாக எழுதியிருக்கிறாள்.”

நகலை அவரிடமே விட்டு வந்தேன். என் கல்லூரிக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதைக் கட்டித் தந்தவர் அவர்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள், நல்ல கட்டடம்.

போலீஸ் அந்த வாரமே சின்னனைப் பிடித்தது. தகரம் கொண்டு வந்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவர். சிர்தார் சொன்னான் என்பதையும் சொல்லியிருக்கிறார். சிர்தாரைக் கேட்டார்கள், அவன் இல்லை என்றான். வேலைநிறுத்தத்துக்கு வர மறுத்தவர்களைப் பயமுறுத்தச் சின்னனே தீ வைத்தான் என்று வழக்கு எழுதினார்கள். அந்த வரிசையில் அப்படி மறுத்தவர்கள் இரண்டு வீட்டார் இருந்தார்கள் என்பது வழக்குக்குப் போதுமாக இருந்தது.

காமாட்சியின் வீட்டை எஸ்டேட் காலி செய்யச் சொன்னது. பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு ரோஸ் பெல்லில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனும் எஸ்டேட் வீட்டில்தான் இருந்தான். நீதிமன்றத்தில் அவளை நிறுத்தியபோது, புகையாக இருந்தது, யாரையும் பார்க்கவில்லை என்றாள். என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

வழக்கு நடந்த விதத்தைப் பதிவேடுகளில் படித்திருப்பீர்கள். ஆனால் பதிவேட்டில் முகம் இருக்காது. அலமேலுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அரசுத் தரப்பு வக்கீல் கட்டுரையை அவள் கையில் கொடுத்தார்.

“இது யாருடைய கையெழுத்து?”

“என்னுடையது.”

“இந்த வரியை உன் மாமா உன்னிடம் சொன்னாரா? யாரும் அடிக்காமல், மிரட்டாமல், உன் வீட்டில் வைத்துச் சொன்னாரா?”

“சொன்னார், ஆனா...”

“சொன்னாரா, இல்லையா?”

“சொன்னார்.”

சின்னன் கைதிக் கூண்டிலிருந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பரவாயில்லை, சொல்லு என்பதுபோல. ஆங்கிலம் தெரியாதவர். மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகுதான் அவருக்கு அது என்ன வரி என்று தெரிந்தது. அப்போதும் அவள் மேல் கோபப்படவில்லை. ஏதோ எழுத்துப் பிழை, இப்போது சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தவர் போல என்னைப் பார்த்தார். வீட்டுப் பிள்ளையிடம், விட்டுப்போனதை எடுத்துச் சொல்லு என்று கேட்கும் பார்வை.

வெட்டச் சொன்னது மிஸ்யேதான், முழு வாக்கியம் வேறு என்று அலமேலு சொன்னாள். அதனால் என்னை அழைத்தார்கள். பைபிளில் கை வைத்தேன்.

புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். முக்கியமல்லாத சொற்கள் விடப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம் என்றேன். என்ன சொற்கள்? நினைவில்லை என்றேன். முக்கியமாக இருந்திருந்தால் நல்ல மாணவி விட்டிருக்க மாட்டாள் என்றேன். எதை விடுவது என்று முடிவு செய்தது யார்? முறையைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை, சொற்களைத் தேர்ந்தெடுப்பது எழுதுபவரின் வேலை என்றேன். வரைவு எங்கே? வரைவுகளை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை என்றேன். நீங்கள் சின்னனை நேரில் சந்தித்தீர்களா? சந்தித்தேன், கட்டுரையில் இருக்கும் சொற்களை என் காதால் கேட்டேன் என்றேன். அது உண்மை. அந்தச் சொற்களையும் கேட்டேன்.

குற்றம் சாட்டப்பட்டவரை இதற்கு முன் தெரியுமா என்று சின்னனின் வக்கீல் கேட்டார். இலவச வக்கீல், பாவம், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டார். தெரியாது என்றேன்.

அப்போது சின்னன் ஏதோ சொன்னார். தமிழில், ஒரே ஒரு சொல். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு பெயர் என்று அறியாமல், பிச்சை கேட்பதாக எடுத்துக்கொண்டு, கைதி கருணை கேட்கிறார் என்று நீதிபதியிடம் சொன்னார். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று நீதிபதி சொன்னார். நான் திருத்தவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் கடுங்காவல். நான்காம் வருஷம் சிறையிலேயே காசநோயில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆளைப் பார்த்தால் நோய் வரும் உடம்பாகத் தெரியவில்லை.

கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். தகுதியான பரிசு. வாதத்தில் பிசகே இல்லை. அடுப்பு நெருப்பு அல்ல, வைத்த தீ என்று அவள் நிறுவியதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆள் மட்டும்தான் மாறினான். வழக்கு நிலுவையில் இருந்ததால் இங்கிலாந்துப் பயணத்தை ரத்து செய்து, புத்தகம் ஒன்றை மட்டும் கொடுப்பதாக முடிவானது. விழாவுக்கு அவள் வரவில்லை. நதினின் அப்பா எழுந்து நிச்சயத்தை அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அழகான மாலை.

அந்தப் புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு ஆசிரியராக இருந்தால் தபாலில் அனுப்பியிருப்பார். அலமேலுவையும் அவள் அம்மாவையும் கானில் இருக்க விடவில்லை. மாமனை மருமகளே காட்டிக் கொடுத்தாள் என்று பேச்சு. அம்மாவோடு ரோஸ் பெல் பக்கம் போய்க் கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். தலையில் துணி, கையில் களைக்கொத்து, முழங்கால்வரை சேறு. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

புத்தகத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அந்தப் புள்ளிய நான்தான் வெச்சேன், மிஸ்யே. என் கையாலதான். ராத்திரி கண்ண மூடினா அதுதான் தெரியுது.”

புள்ளிகள் சரியாகத்தான் இருந்தன, முறைப்படி இருந்தன என்று சொன்னேன். அவள் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன். அவள் குனிந்து மறுபடி களையெடுக்க ஆரம்பித்தாள். புத்தகத்தை வரப்பிலேயே வைத்துவிட்டு வந்தேன். மழை வரும்போல இருந்தது.

எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது. இனி நீங்கள் கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க வேண்டாம். சின்னன் குற்றமற்றவர் என்று எனக்குத் தெரியும். எதை வெட்டினால் அவர் சிறைக்குப் போவார் என்பதும் தெரியும். பென்சிலை எடுப்பதற்கு முன்பே தெரியும். எந்தச் சொற்களை விடுவது என்று முடிவு செய்தவன் நான். அவள் அழுதுகொண்டே எழுதியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். மேனேஜரிடம் கொடுத்தேன், வரைவை எரித்தேன், நீதிமன்றத்தில் பொய் சொன்னேன். எதுவும் தற்செயல் இல்லை, எதையும் அவசரத்தில் செய்யவில்லை. விழாவின் முன்வரிசையில் அந்த ஆள் புதுச் சட்டையோடு உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு தேவைப்பட்டது.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். கொடி மாறினாலும் என்னை எதுவும் செய்துவிட மாட்டார்கள். உங்கள் புது அரசாங்கத்தில் பாதிப் பேர் என் மாணவர்கள்.

கேட்டுக்கு வெளியே உங்கள் காரில் உட்கார்ந்திருப்பது அலமேலுதானே? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்த வயதிலேயே தலை நரைத்துவிட்டது. நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து வீட்டின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டிருக்கலாம், இந்தத் தூறலில் என்ன பிடிவாதம். போகும்போது அவளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாமா என்னை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, பக்கத்தில் நின்றவள் முகமெல்லாம் மலரச் சிரித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தச் சிரிப்பை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.